அப்பாவின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து மறுபடி ஏற்றுவது: இப்போதே செய்வதா, தள்ளி வைப்பதா?

#1 நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு வகை ரத்தப் புற்று. முதுகு வலி என்று காட்டப் போனோம். ரத்தசோகை, சிறுநீரில் புரதம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து, மஜ்ஜைப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. டாராடுமுமாப், போர்டிசோமிப், லெனலிடோமைட், டெக்சாமெத்தசோன் நான்கும் சேர்ந்த சிகிச்சை. நான்கு சுற்று முடிந்ததும் நோய்ச் செல் சுரக்கும் புரதம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அப்பா நன்றாக நடக்கிறார், பேப்பர் படிக்கிறார், எங்களை அதட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

இந்த நேரத்தில் டாக்டர், "உங்கள் ஸ்டெம் செல்லையே எடுத்து உறைய வைத்துவிட்டு, பெரிய டோஸ் கீமோ கொடுத்து, திரும்ப ஏற்றலாம்" என்கிறார். வீட்டில் ஆளுக்கொரு கேள்வி. நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்தால் நோயும் சேர்ந்துதானே வரும் என்கிறாள் அம்மா. அதற்குப் பதில் என் செல்லை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார் சித்தப்பா. எனக்கு வேறு பயம். நன்றாக இருக்கும் மனிதரை எதற்கு மறுபடி படுக்கையில் தள்ளுவது? அடுத்த முறை டாக்டரைப் பார்ப்பதற்குள் விஷயத்தைப் புரிந்துகொள்ள நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

#2 வேர்முனை
(இரத்தவியல் மருத்துவர்)

தங்கச்சி, முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டார் கேட்கும் எல்லாவற்றுக்கும் விடை அதிலிருந்துதான் கிளம்புகிறது. இந்தச் சிகிச்சையில் மைலோமாவைக் கொல்வது ஸ்டெம் செல், அதாவது மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் மூலச் செல், இல்லை. மெல்பலான் என்கிற கீமோ மருந்துதான் கொல்கிறது. ஸ்டெம் செல் வருவது அந்த மருந்தின் அடியிலிருந்து நோயாளியைக் காப்பாற்ற.

மெல்பலான் பழைய மருந்து. டோஸ் கூடக் கூட அதிக மைலோமா செல் சாகும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் மஜ்ஜையும் சேர்ந்து அழியும். 1983இல் லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் டிம் மெக்எல்வைன், ரே பவுல்ஸ் இருவரும் உடம்பின் பரப்பளவுக் கணக்கில் சதுர மீட்டருக்கு 140 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் சிலருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மறைந்தது. மஜ்ஜை மீண்டு வரும் வரையிலான நாட்கள்தான் ஆபத்தாக இருந்தன. அந்த இடைவெளியை அடைக்க வந்த வழிதான் நோயாளியின் செல்லை முன்கூட்டியே எடுத்து வைப்பது. விதைநெல்லைப் பத்திரப்படுத்திவிட்டு வயலில் களையோடு சேர்த்து எல்லாவற்றையும் எரிப்பதைப் போல. அந்தக் காப்பு கிடைத்ததால் இன்று 200 மில்லிகிராம் வரை போக முடிகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் 140 போதும் என்று நிறுத்துவோம்.

மெல்பலான் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். அதனால் மருந்து கொடுத்து ஒன்றிரண்டு நாளிலேயே செல்களைத் திரும்ப ஏற்றலாம். சொந்தச் செல் என்பதால் உடம்பு நிராகரிக்காது. ஏறிய செல் உடம்பைத் தாக்குவதும் இல்லை.

சித்தப்பாவின் அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, மைலோமாவில் அந்த வழி இப்போது முதல் தேர்வு அல்ல என்று சொல்லுங்கள். அடுத்தவர் செல் என்றால் அது அவருடைய எதிர்ப்பு சக்தியோடு வருகிறது. அது மிச்சமிருக்கும் புற்றுச் செல்லைத் தாக்கும். அது நல்லது. ஆனால் தோல், குடல், கல்லீரலையும் தாக்கும். அதனால் இறப்பவர்கள் உண்டு. சொந்தச் செல் மாற்றில், அதாவது அப்பாவுக்குச் சொன்ன இந்தச் சிகிச்சையில், அனுபவமுள்ள மையங்களில், சிகிச்சையாலேயே இறப்பவர்கள் நூற்றில் ஒன்றிரண்டு பேர். மற்ற ரத்தப் புற்று பலவற்றில் கணக்கு நேர்மாறு. அங்கே அடுத்தவரின் எதிர்ப்பு சக்திதான் நமக்கு வேண்டிய ஆயுதம்.

#3 சாம்பல்நாரை

டாக்டர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிலாமுற்றம் கேட்ட கடைசிக் கேள்வி அப்படியே நிற்கிறது. நன்றாக இருப்பவருக்கு எதற்கு?

என் கணவருக்கும் இதே நோய். முடிவெடுக்கும் முன் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பிரான்ஸ் நாட்டவர் தலைமையில் 700 பேரை வைத்து நடந்த ஐஎஃப்எம் 2009 ஆய்வு 2017இல் வெளிவந்தது. மாற்று செய்தவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த சராசரிக் காலம் 50 மாதம், செய்யாதவர்களுக்கு 36 மாதம். அமெரிக்காவில் 722 பேரை வைத்து நடந்த டிட்டர்மினேஷன் ஆய்வு 2022இல் வந்தது. அதில் 67.5 மாதமும் 46.2 மாதமும். இரண்டிலும் வித்தியாசம் பெரியதுதான். ஆனால் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்க ஆய்வில் ஐந்தாம் ஆண்டில் 80.7 சதவீதம், 79.2 சதவீதம்.

எனவே நாங்கள் செல்லை எடுத்து உறைய வைத்துவிட்டோம், மாற்றைத் தள்ளி வைத்தோம். நோய் திரும்பினால் அப்போது பார்க்கலாம். அவருக்கு வேலையை விட மனமில்லை, அதுவும் ஒரு காரணம். இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று பலருக்கு யாரும் சொல்வதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

#4 வேர்முனை

> உயிரோடு இருப்பவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்

எண்கள் சரி, அம்மா. உங்கள் முடிவும் மதிக்கத்தக்க முடிவு. ஆனால் அந்த எண்ணுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

பிரான்ஸ் ஆய்வில் மாற்று செய்யாத பக்கத்தில் நோய் திரும்பி அடுத்த சிகிச்சை எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்குப் பிறகு மாற்று செய்யப்பட்டது. ஆக அந்த ஆய்வு ஒப்பிட்டது இப்போது செய்வதையும் அப்புறம் செய்வதையும்தான். அமெரிக்க ஆய்வில் அப்படி அடுத்த சிகிச்சைக்குப் போனவர்களில் மாற்று செய்துகொண்டவர்கள் 28 சதவீதம் மட்டுமே, அப்படியும் உயிர்வாழ்வு குறையவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்த புதிய மருந்துகள் கைகொடுத்தன. இதுவரை உங்கள் பக்கம்தான்.

இனி எதிர்ப்பக்கம். 17ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருப்பது, 4ஆம் 14ஆம் குரோமோசோம்களில் துண்டு இடம் மாறியிருப்பது போன்ற மோசமான மரபணு மாற்றம் உள்ளவர்களை டிட்டர்மினேஷனில் தனியே பிரித்துப் பார்த்தார்கள். நோய் தலைதூக்காத காலம் மாற்று செய்தவர்களுக்கு 55.5 மாதம், செய்யாதவர்களுக்கு 17.1 மாதம். சிறிய குழுதான், ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய இடைவெளி இல்லை. அப்படிப்பட்ட நோயாளியிடம் "தள்ளி வைக்கலாம்" என்று என்னால் மனதாரச் சொல்ல முடியாது.

விலையும் உண்டு. அதே ஆய்வில் மாற்று செய்த பக்கத்தில் பிற்பாடு 10 பேருக்கு வேறொரு ரத்தப் புற்றோ அதற்கு முந்தைய மஜ்ஜைக் கோளாறோ வந்தது. மறுபக்கத்தில் ஒருவருக்கும் வரவில்லை. மெல்பலான் மரபணுவைச் சேதப்படுத்தித்தான் வேலை செய்கிறது. தப்பிய நல்ல செல்லிலும் அதன் தழும்பு இருக்கலாம்.

நிலாமுற்றம், நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. அப்பாவின் மரபணுப் பரிசோதனையில், அதாவது ஃபிஷ் ரிப்போர்ட்டில், என்ன வந்தது? மிச்ச நோயை அளக்கும் எம்ஆர்டி பரிசோதனை செய்தார்களா? லட்சம் செல்லில் ஒன்றுகூட நோய்ச் செல் தெரியவில்லை என்ற நிலையில் உள்ளவர்களுக்கு மாற்று அவசியமா என்று பார்க்கும் மிடாஸ் ஆய்வின் முதற்கட்ட முடிவு 2025இல் வந்தது. மாற்று செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் எம்ஆர்டி அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அது குறுகிய கால அளவுகோல். நீண்ட காலக் கணக்கு இன்னும் வர வேண்டும். நான் இப்போதைக்கு 61 வயதில் உடம்பு தாங்கக்கூடியவருக்கு மாற்றைப் பரிந்துரைக்கும் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் ஐந்து வருடம் முன்பு இருந்த அளவு அழுத்தமாக இல்லை.

#5 தாமரைக்குளம்
(ஸ்டெம் செல் சேகரிப்புப் பிரிவில் நர்ஸ்)

மாற்று இப்போதா அப்புறமா என்பதை டாக்டரும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் செல் எடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். லெனலிடோமைட் மாதக்கணக்கில் போகப் போக மஜ்ஜையிலிருந்து செல் இறங்கி வருவது குறையும். மூன்று முதல் ஆறு சுற்றுக்குள் எடுத்துவிடுவது நல்லது. உங்கள் அப்பா இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறார்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் ஜிசிஎஸ்எஃப் ஊசி, தினமும், நாலைந்து நாள். மஜ்ஜைக்குள் இருக்கும் ஸ்டெம் செல் ரத்தத்துக்கு இறங்கி வரத்தான் இது. இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளுக்குள் விண்விண் என்று தெறிக்கும். மைலோமா உள்ளவர்கள் இந்த வலியைக் கண்டு நோய் திரும்பிவிட்டதோ என்று கலங்கிப் போவார்கள். முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

ரத்தத்தில் சிடி34 செல் (அந்த அடையாளத்தை வைத்துத்தான் ஸ்டெம் செல்லை எண்ணுவோம்) எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு இயந்திரத்தில் இணைப்போம். ஒரு குழாயில் ரத்தம் வெளியே வரும். இயந்திரம் சுழற்றி அடுக்கடுக்காகப் பிரித்து, வேண்டிய மெல்லிய அடுக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மீதியை இன்னொரு குழாயில் திருப்பி அனுப்பும். நான்கைந்து மணி நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டும். இயந்திரத்துக்குள் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்ப்பதால் உடம்பில் கால்சியம் குறையும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல ஆரம்பிக்கும், அப்புறம் விரல் நுனி. "சின்ன விஷயம்தானே" என்று பேசாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. உடனே சொல்லச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுத்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும்.

எடைக் கணக்கில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல் வேண்டும். 40, 50 லட்சம் கிடைத்தால் நிம்மதி. இரண்டாவது மாற்றுக்கும் சேர்த்து வைக்க வேண்டுமானால் அதற்கு இரட்டிப்பு. ஒரே நாளில் கிடைப்பவர்களும் உண்டு, இரண்டு மூன்று நாள் ஆவதும் உண்டு. போதவில்லை என்றால் பிளெரிக்ஸாஃபோர் என்ற ஊசி இருக்கிறது. ஸ்டெம் செல்லை மஜ்ஜையோடு கட்டி வைத்திருக்கும் பிடியை அது தளர்த்திவிடும். எய்ட்ஸுக்கு என்று உருவாக்கிய மருந்து அது. கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் வெள்ளையணு ஏறுவதைக் கவனித்து இந்தப் பக்கம் திருப்பினார்கள். 2008இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு "செல் போதவில்லை, மாற்று முடியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டி வந்தவர்களில் பலருக்கு இன்று அந்த நிலை இல்லை.

எடுத்த பையில் உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தைக் கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்லக் குளிர்வித்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் வைப்போம். அவசரமாக உறைய வைத்தால் செல்லுக்குள் பனி ஊசி உருவாகிக் கிழித்துவிடும். சரியாக வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

#6 நிலாமுற்றம்

தாமரைக்குளம் அக்கா, அந்த எலும்பு வலி விஷயத்தைச் சொன்னதற்கு மிக்க நன்றி. அப்பா நிச்சயம் பயந்திருப்பார்.

அம்மாவின் கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்தப் பையில் நோய்ச் செல் இருக்காதா?

#7 வேர்முனை

இருக்கலாம். உங்கள் அம்மா கேட்டது விஞ்ஞானிகள் பல வருடம் மல்லுக்கட்டிய கேள்வி.

1993இல் மால்கம் பிரென்னர் குழு இதை நேரடியாகவே சோதித்தது. கடும் மைலாய்டு ரத்தப் புற்று வந்த குழந்தைகளின் மஜ்ஜையை எடுத்து, அதில் ஒரு பகுதியில் அடையாள மரபணு ஒன்றைப் புகுத்தித் திரும்ப ஏற்றினார்கள். நோய் திரும்பிய குழந்தைகளின் புற்றுச் செல்லில் அந்த அடையாளம் இருந்தது. ஏற்றிய மஜ்ஜையிலேயே நோயும் ஒளிந்து வந்தது என்பதற்கு அது கைமேல் சான்று.

சரி, மைலோமாவில் பையைச் சுத்தம் செய்துவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். சிடி34 செல்லை மட்டும் வடிகட்டி எடுத்து, நோய்ச் செல்லை மிகவும் குறைத்து ஏற்றினார்கள். நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. காரணம், பையில் இருக்கும் சொற்பத்தைவிட உடம்புக்குள் மெல்பலானையும் தாண்டிப் பிழைத்திருப்பது அதிகம். நோய் திரும்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான். அதனால்தான் மாற்றுக்குப் பிறகும் லெனலிடோமைட் போன்ற மருந்தைத் தொடர்கிறோம். மைலோமாவில் இந்த மாற்று நோயை வேரோடு பிடுங்கும் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நோயற்ற காலத்தை நீட்டும் சிகிச்சை. சிலருக்கு மிக நீண்ட காலம்.

லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று வேறு. அங்கே குணப்படுத்தும் நோக்கத்தோடேயே செய்கிறோம். நோய் திரும்பிய, ஆனால் கீமோவுக்கு இன்னும் மசிகிற லிம்போமாவில் மாற்று செய்தவர்களில் 46 சதவீதம் பேர் ஐந்தாண்டு நோயின்றி இருந்தார்கள், சாதாரண கீமோ மட்டும் எடுத்தவர்களில் 12 சதவீதம். 1995இல் வந்த பார்மா ஆய்வு அது. இப்போது முதல் சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குள் திரும்பும் பெரிய செல் லிம்போமாவில் கார்-டி செல் சிகிச்சை, அதாவது நோயாளியின் எதிர்ப்பு செல்லையே புற்றைத் தாக்கும்படி மாற்றி ஏற்றுவது, முந்திவிட்டது. மற்றவர்களுக்கு மாற்றின் இடம் இன்னும் இருக்கிறது.

#8 மூங்கில்காற்று

நான் அந்த லிம்போமா கோஷ்டி. ஹாட்ஜ்கின், ஒருமுறை திரும்பியது, பீம் என்ற நான்கு மருந்துக் கீமோ கொடுத்து மாற்று செய்தார்கள். டாக்டர்கள் எழுதாததை எழுதுகிறேன்.

செல் ஏற்றும் நாள் பெரிய அறுவை சிகிச்சை மாதிரி இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றுமே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் பையை உருக்கினார்கள். உருகியதும் டெக்னீஷியன் எண்ணைச் சத்தமாகப் படிக்க, நர்ஸ் என் கைப்பட்டையில் சரிபார்க்க, நெஞ்சுக் குழாய் வழியாகச் சில நிமிடத்தில் ஏற்றி முடித்துவிட்டார்கள். தொண்டை அரித்தது, குமட்டியது. பையில் கலந்த டிஎம்எஸ்ஓ மூச்சு வழியாக வெளியேறுமாம். அறை முழுக்க அழுகிய பூண்டு வாடை. என் மனைவிக்குத்தான் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. சிறுநீர் சிவப்பாகப் போனது. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஏற்றிய செல் ரத்தத்தில் மிதந்து போய் மஜ்ஜையைத் தானே கண்டுபிடித்துக் குடியேறி வேலையை ஆரம்பிக்க ஏறக்குறைய இரண்டு வாரம். அந்த இடைவெளியில் வெள்ளையணு கிட்டத்தட்டப் பூஜ்யம். வாயிலிருந்து ஆசனவாய் வரை உள்தோல் உரிந்துவிடும். எச்சில் விழுங்குவதே வேதனையாக இருந்தது, மார்ஃபின் வைத்தார்கள். காய்ச்சல் வந்தது, வராதவர்கள் அபூர்வம். வயிற்றுப்போக்கு வேறு. ஒரு கட்டத்தில் பேசப் பிடிக்காது, பார்க்கப் பிடிக்காது, போன் ஒலித்தால் எரிச்சலாக வரும். கூட இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "தைரியமா இருங்க" என்று சொல்லத் தேவையில்லை. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். வாய் கொப்பளிக்கும் நேரத்தை நினைவூட்டுங்கள். எத்தனை முறை போனார், எவ்வளவு குடித்தார் என்று குறித்து வையுங்கள். என் மனைவி செய்தது அதைத்தான், ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்கள் அவள் நோட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரு நாள் காலையில் ரிப்போர்ட்டில் வெள்ளையணு 0.1 என்பது 0.3 ஆக மாறியது. வெளியாள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுமில்லாத எண். எங்களுக்கு அப்படியில்லை. அடுத்தடுத்த நாளில் ஏற ஏற வாய்ப்புண் தானாக ஆறியது.

கிருமியோடு போராடும் வெள்ளையணு வகையான நியூட்ரோபில் தொடர்ந்து மூன்று நாள் 500க்கு மேல் நின்றால் செல் பிடித்துக்கொண்டது என்று கணக்கு. வீட்டுக்கு விடுவார்கள். ஆனால் அதோடு முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டும், அப்படி ஒரு அசதி. அது மாதக்கணக்கில் போனது. இதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை, அதனால் ஏதோ கோளாறு என்று நினைத்து மிகவும் தளர்ந்து போனேன். கோளாறு இல்லை. உடம்புக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

#9 தாமரைக்குளம்

மூங்கில்காற்று எழுதியதில் வாய்ப்புண் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மெல்பலான் ஏறும்போது அதற்குச் சற்று முன்பிருந்தே வாயில் ஐஸ் துண்டு வைத்துக்கொண்டே இருக்கச் சொல்வோம், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம். குளிரில் வாயின் ரத்தக் குழாய் சுருங்கி மருந்து அங்கே குறைவாகப் போகும். மெல்பலான் சீக்கிரம் கரைந்துபோகும் மருந்து என்பதால்தான் இந்த எளிய வழி பலிக்கிறது. பல் கூசுகிறது, போதும் என்று பாதியில் துப்பிவிடுபவர்களை நான் விடுவதில்லை. அந்த ஒரு மணி நேரம் பொறுத்தவர்களுக்கும் பொறுக்காதவர்களுக்கும் அடுத்த வாரத்தில் தெரியும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

#10 வெண்மேகம்

என் மகனுக்கு நியூரோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் நரம்புக் கட்டி. அதிக ஆபத்துள்ள வகை. அவனுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை சொந்தச் செல் மாற்று நடந்தது. ஒரு மாற்றைவிட இரண்டு மாற்று நல்லது என்று அமெரிக்கக் குழந்தைகள் ஆய்வு 2019இல் வந்திருந்தது. மூன்றாண்டு நோயின்றி இருந்தவர்கள் 61.6 சதவீதம், ஒரு மாற்றில் 48.4. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டாவது முறை கையெழுத்துப் போட்டோம்.

அவன் இப்போது பள்ளிக்குப் போகிறான். மருந்தால் காது கேட்பது குறைந்திருக்கிறது, கருவி போட்டிருக்கிறான்.

சிறு வயதினர், திருமணமாகாதவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும். பெரிய டோஸ் கீமோவுக்கு முன் குழந்தைப்பேறு பற்றி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். விந்தணுவையும் கருமுட்டையையும் எடுத்து வைக்க அப்போதுதான் நேரம். நோயின் பரபரப்பில் டாக்டரும் மறக்கலாம், நாமும் கூச்சப்படுவோம். பிறகு அந்த வாய்ப்பு திரும்ப வராது.

#11 ஆற்றுமணல்

இழைக்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. என் அக்கா மகனுக்கு ஆட்டிசம். ஒரு கிளினிக்கில் அவனுடைய சொந்த ஸ்டெம் செல்லையே இடுப்பெலும்பிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுத்து முதுகுத்தண்டு வழியாக ஏற்றுகிறார்களாம். சொந்தச் செல்தானே, பக்கவிளைவே இல்லை என்கிறார்கள். இதே ஆட்கள் மூட்டுத் தேய்மானம், சர்க்கரை, கண் பார்வை எல்லாவற்றுக்கும் செய்கிறார்கள். நீங்கள் பேசும் சிகிச்சையும் இதுவும் ஒன்றா?

#12 வேர்முனை

இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. உங்கள் அக்காவிடம் இன்றைக்கே பேசுங்கள்.

மேலே நாங்கள் பேசிய சிகிச்சையில் ஸ்டெம் செல் செய்வது அதற்கு இயல்பாகத் தெரிந்த ஒரே வேலை. மஜ்ஜைக்குப் போய் ரத்தம் உண்டாக்குவது. ரத்த ஸ்டெம் செல்லை முதுகுத்தண்டில் விட்டால் அது மூளை நரம்பாக மாறாது. கொழுப்புச் செல்லைக் கண்ணில் விட்டால் விழித்திரையாக மாறாது. ஆட்டிசத்துக்கு இது பலன் தரும் என்று ஒழுங்கான ஆய்வு எதுவும் நிறுவவில்லை.

"சொந்தச் செல், ஆபத்தில்லை" என்ற பேச்சுக்குப் பதில் 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வயதானதால் பார்வை மங்கிய மூன்று பெண்களுக்கு, அவர்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்தே எடுத்த செல்லை இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட்டார்கள். மூவருக்கும் கண் மோசமாகப் பழுதாகிப் பார்வை பறிபோனது. வெளியே எடுத்துக் கையாண்டு வேறு இடத்தில் செலுத்தும்போது அது இயற்கையான செல் என்ற பாதுகாப்பு போய்விடுகிறது. கிருமி நுழையலாம், செல் தப்பான இடத்தில் தப்பாக வளரலாம்.

பத்து நோய்க்கு ஒரே ஊசி என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். "ஆய்வு" என்று சொல்லிக்கொண்டு உங்களிடமே முழுப் பணம் கேட்டால் அதுவும் அப்படித்தான்.

#13 சாம்பல்நாரை

இதோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். முறையான மருத்துவமும் இந்த ஆசையில் ஒருமுறை வழி தவறியிருக்கிறது. 1990களில் மார்பகப் புற்றுக்கு இதே பெரிய டோஸ் கீமோவும் சொந்தச் செல் மாற்றும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்யப்பட்டன. அதிக டோஸ் என்றால் அதிகப் பலன்தானே என்ற நம்பிக்கை. ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு முடியும் முன்பே ஊரெல்லாம் செய்தார்கள், நோயாளிகளும் போராடிக் கேட்டு வாங்கினார்கள். பிறகு ஆய்வுகள் ஒன்றொன்றாக வந்தன, பலன் இல்லை என்றன. பலன் உண்டு என்று சொன்ன தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா தரவுகளைத் திரித்தது 2000இல் வெளிப்பட்டது. அந்தப் பெண்கள் பட்ட வாய்ப்புண்ணும் காய்ச்சலும், சிலருடைய மரணமும், எதற்கென்றே தெரியாமல் போய்விட்டன.

அதனால்தான் நான் ஆய்வு முடிவைத் தோண்டித் தோண்டிக் கேட்கிறேன். டாக்டர்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை.

#14 கார்த்திகைப்பூ

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பு நோய்க்கு ஸ்டெம் செல் என்றாலே மோசடி என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்குச் சொந்த ரத்த ஸ்டெம் செல் மாற்று ஆய்வில் சேர வாய்ப்பு வந்து, இப்போது பரிசீலனையில் இருக்கிறேன். இதில் செல் போய் நரம்பை ஒட்ட வைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நரம்பைத் தாக்கும் என் எதிர்ப்பு சக்தியைக் கீமோவால் துடைத்துவிட்டு, சொந்தச் செல்லிலிருந்து புதிதாக வளர விடுவது. வேர்முனை முதலில் சொன்ன அதே கணக்குதான் இங்கேயும்: வேலை செய்வது கீமோ.

2019இல் வந்த மிஸ்ட் ஆய்வில் 110 பேர். மாற்று செய்தவர்களில் 3 பேருக்கும் வழக்கமான மருந்து எடுத்தவர்களில் 34 பேருக்கும் நோய் முற்றியது. அடிக்கடி தாக்கி விலகும் வகை, வீக்கம் இன்னும் உயிரோடு இருக்கும் கட்டம், அதில்தான் இந்தப் பலன். நரம்பு ஏற்கனவே அழிந்து பல வருடம் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது உதவாது. இன்றைய வலுவான புதிய மருந்துகளோடு மோத விட்டுப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன, அப்படிப்பட்ட ஒன்றில்தான் என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

#15 வேர்முனை

அருமையாகச் சொன்னீர்கள். தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மாவிலும் இதே தர்க்கம். அங்கே ஐரோப்பாவின் ஆஸ்டிஸ் ஆய்வில் முதலாண்டிலேயே மாற்றுப் பக்கத்தில் பத்தில் ஒருவர் சிகிச்சையால் இறந்தார். நீண்ட காலத்தில் பிழைத்தவர்கள் அதிகம் என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. இரண்டையும் சேர்த்தே நோயாளியிடம் சொல்ல வேண்டும்.

தொப்புள்கொடி ரத்தம் சேமிப்பது பற்றித் தனிச் செய்தியில் இருவர் கேட்டிருந்தார்கள். குழந்தைக்கு எதிர்காலத்தில் ரத்தப் புற்று வந்தால் அதன் சொந்தக் கொடி ரத்தம் உதவாது. பல குழந்தைகளில் அந்தப் புற்றின் முதல் மரபணுத் தவறு பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கிறது. பரம்பரை ரத்த நோயும் அப்படியே, கொடியிலும் அதே பழுது. பொது வங்கிக்குக் கொடுப்பது வேறு விஷயம், அது யாருக்கோ உயிர் தரும்.

ஆனால் பழுதான மரபணுவையே கையாண்டு சொந்தச் செல்லைத் திரும்ப ஏற்றும் காலம் வந்துவிட்டது. அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்குமான காஸ்ஜெவி என்ற மரபணுச் சிகிச்சையை 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது. நோயாளியின் செல்லில் பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் ஒரு சுவிட்சை வெட்டி, கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபினை மறுபடி சுரக்க வைக்கிறார்கள். சகோதரப் பொருத்தம் கிடைக்காதவர்களுக்கு இது பெரிய கதவு. இங்கேயும் முதலில் புஸல்ஃபான் என்ற கீமோ மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்தாக வேண்டும். அதே வாய்ப்புண், அதே காய்ச்சல், குழந்தைப்பேற்றுக்கு அதே ஆபத்து.

#16 நிலாமுற்றம்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். ஃபிஷ் ரிப்போர்ட்டில் 4, 14 இடமாற்றம் இருக்கிறது என்றார். நாங்கள் கேட்ட பிறகுதான் விளக்கினார், கேட்காவிட்டால் அது ஃபைலிலேயே இருந்திருக்கும். அப்பா தானே பேசினார், செல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றையும் செய்யுங்கள் என்றார். சாம்பல்நாரை அம்மா, உங்கள் வழியையும் அவரிடம் முழுசாகச் சொன்னேன். இந்த ரிப்போர்ட் வராமல் இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பாராம்.

ஒரே ஒரு கேள்வி. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

#17 சாம்பல்நாரை

அந்த ரிப்போர்ட் கையில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், கண்ணு. நன்றாக நடக்கட்டும்.

#18 தாமரைக்குளம்

வீட்டுக்கு வந்ததும் முக்கியமானவை. அக்கி வராமல் இருக்க அசைக்ளோவிர் கொடுப்பார்கள், நிமோனியாவுக்கு இன்னொரு மாத்திரை. டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. பிறகு எப்போதாவது ரத்தமோ பிளேட்லெட்டோ ஏற்ற நேர்ந்தால், வேறு மருத்துவமனையாக இருந்தாலும், கதிர்வீச்சு கொடுத்த பைதான் வேண்டும் என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தின் ஒரு நகல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விடும். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பிப்பார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள் இரண்டு வருடமாவது கழித்துத்தான், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மூங்கில்காற்று மாதிரி பீம் எடுத்தவர்கள், முதல் சில மாதத்தில் வறட்டு இருமலோ மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கலோ புதிதாக வந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள். அதில் உள்ள கார்முஸ்டின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஸ்டீராய்டில் கட்டுப்படும்.

அப்பாவுக்கென்று ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலோ, நள்ளிரவானாலும் வார்டு நம்பருக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது காய்ச்சலை மறைக்கும், கிருமியை நிறுத்தாது.